லிண்டாவுக்கு அடுத்த கோடு

அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஓர் ஊர் இருப்பது, நான் ஆறாம் வகுப்பு படித்தபோது கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அத்தைக்கு, எனக்கு, அப்புறம் தபால்காரருக்கு.

அத்தை எங்கள் பள்ளியிலேயே டீச்சர். யாரோ ஒரு பாதிரியார் வழியாக, அந்த ஊர்ப் பள்ளி ஒன்றின் பழைய பாடப்புத்தகங்கள் பெட்டி நிறையக் கப்பலில் வந்து சேர்ந்தன. என் கைக்குக் கிடைத்தது பூகோளம். வழவழவென்ற தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். நான் பார்த்ததென்னவோ அட்டையின் உட்பக்கத்தைத்தான். அங்கே ஒரு சீட்டு ஒட்டி, வருடா வருடம் அதைப் படித்த பிள்ளையின் பெயரைக் கோடு கோடாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பெயர் லிண்டா. அவளுக்குக் கீழே ஏழு கோடுகள் காலி. ஏன் காலி? சாப்பிடும்போதுகூட அதே யோசனை. கை சும்மா இருக்குமா? அடுத்த கோட்டில் என் பெயரை எழுதிவிட்டேன்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது! அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆயிருக்கும். அதான் அப்பால யாருமே எழுதல. இப்போ உன் பேரு கீது பாரு."

உடனே ரப்பரால் தேய்த்தேன், பெயர் போகவில்லை, தாள்தான் கிழிந்தது. லிண்டா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்தாக வேண்டும். அத்தையை நச்சரித்து, புத்தகத்தில் முத்திரை குத்தியிருந்த பள்ளி முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அந்தப் பள்ளியின் பழைய தலைமையாசிரியை; என் கடிதம் எப்படியோ சுற்றி அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. லிண்டா நலம், கல்யாணமாகிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு நிறுத்தாமல் பள்ளியின் கதையையே எழுதியிருந்தார். அதைத் தொடங்கியவர்கள் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்களாம். முதலில் பாடமே ஜெர்மன் மொழியில்தானாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் இங்கிலீஷ் தெரியாமல் முழித்திருக்கிறார்கள்! அந்தச் சந்தோஷத்தை வகுப்பு முழுக்கப் பரப்பினேன். பிறகு போலந்துக்காரர்கள், பிறகு அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள். கூட்டம் கூடக் கூட அறைகளும் கூடின. கடைசியில் தொழிற்சாலைகள் மூடின, குடும்பங்கள் கிளம்பின, பிள்ளைகள் இல்லையென்று பள்ளியையும் மூடிவிட்டார்கள். கதவைப் பூட்டியது நான்தான் என்று எழுதியிருந்தார்.

இது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. பிள்ளைகள் எப்படி இல்லாமல் போவார்கள்? எங்கள் பக்கம் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. ஜூன் வந்தால் புதிதாக ஒரு செக்‌ஷன். ஒரு பெஞ்சில் ஆறு பேர். பள்ளியை மூடுவதென்றால் எனக்குத் தெரிந்த காரணம் மழை ஒன்றுதான். ஏரி நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்றால் லீவு.

ஆகவே ஆறுதல் சொல்லி எழுதினேன்: "கவலைப்படாதீங்க மிஸ். தண்ணி வடிஞ்சதும் பிள்ளைங்க எல்லாரும் வந்துடுவாங்க. எங்களுக்கும் நாலு நாள்ல திறந்துடுவாங்க." அதைத் தப்பும் தவறுமாக இங்கிலீஷில்.

அத்தை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் பேனா நின்றது. என்னைப் பார்த்தாள், மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"இது இப்படியே இருக்கட்டும்டி" என்றாள்.

ஓரிடத்திலாவது தப்பில்லாமல் எழுதிவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.