ஆற்றில் விடாத பொடி

பதுளைக் கடைத்தெருவின் மணிக்கூட்டுக் கடையொன்றுக்காக என் மனைவி வீட்டிலிருந்தபடியே மணிக்கூட்டு முட்களுக்கு ஒளிப்பூச்சு இட்டுவந்தாள். இரண்டாம் உலக யுத்தத்தின்பின் இராணுவ ஏலத்தில் வந்த, ரேடியம் கலந்த பொடி. இருளில் பச்சையாக ஒளிரும். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவாள். அதன் கேட்டை, விஞ்ஞான ஆசிரியனான நான் ஒரு சஞ்சிகையில் படித்தபோது, தாடையெலும்பு நோயால் அவள் படுக்கையில் இருந்தாள். 1960களின் தொடக்கத்தில் இறந்தாள். இதுதான் காரணமென்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குச் சில நாள் இருக்கையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அவள் தம்பி, சாம்பலோடு ஆற்றில் விடுவதற்கென்று அவள் பாவித்தவற்றைத் துணியில் கட்டினார். ஊரில் கடல், பதுளையில் ஓயா என்னும் ஆறு. சீப்பு, மூக்குக்கண்ணாடி, தூரிகை, எஞ்சிய பொடிக் குப்பிகள். குப்பிகளையும் தூரிகையையும் நான் வெளியே எடுத்தேன்.

"அக்கா ஆசையாச் செய்த வேலை, அத்தான். அதையும் உங்கடை பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகப் போறியளோ?"

"கீழை தேயிலைத் தோட்ட லயத்துச் சனம் அந்தத் தண்ணியைத்தான் குடிக்குது."

அவர் மீதியை மட்டும் துணியில் முடிந்தார். ஆனால் குப்பிகளை வீட்டிலும் வைத்திருக்க முடியாது. ஒன்று உடைந்தால் தூசி பறக்கும். அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி இறுக்கும் முயற்சிகள் வெளிநாடுகளில் நடப்பதாகப் படித்திருந்தேன். அங்கே பெரிய உலைகள். எனக்குக் கிடைத்தவை தட்டாரிடம் வாங்கிய, பொன் உருக்கும் கிண்ணமான மூசை, துருத்தி, உருக்க உதவும் வெண்காரம். உடைந்த போத்தல்களுக்குப் பஞ்சமில்லை.

வீட்டுத் தோட்டத்தின் கோடியில், காற்று முதுகுப்புறம் வீச, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, இடித்த கண்ணாடியோடு பொடியை ஈரமாகப் பிசைந்து உருக்கினேன். மைத்துனரை அருகே வரவிடவில்லை. மாலைக்குள் மூசையில் பாகுபோல உருகி, கண்ணாடிக் கட்டியாக இறுகியது. இருண்ட விறகுக் கொட்டிலில் வைத்துப் பார்த்தோம். ஒளி இல்லை.

"நஞ்சு போயிட்டுதோ?" என்று கேட்டார் மைத்துனர்.

"வெளிச்சம்தான் போயிட்டுது. நஞ்சு உள்ளைதான் கிடக்கு."

"கரையாதெண்டால் ஆத்திலை விடலாம்தானே?"

"எனக்குத் தெரிஞ்ச மட்டிலை கரையாது, தம்பி. எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்."

மேட்டில், நீரோட்டம் இல்லாத இடத்தில் குழி வெட்டினோம். சீமெந்தைக் குழைத்தவர் அவர். மூசையை வைத்தபின், தூரிகையை என்னிடம் கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தார். பிறகு சீமெந்தால் மூடினோம்.

அந்தியேட்டியன்று சாம்பலும் சீப்பும் மூக்குக்கண்ணாடியும் ஓயாவில் போயின. சற்றுத் தள்ளி லயத்துப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். கிரியை முடியட்டுமென்று தண்ணீர் மொள்ளவில்லை.

"முடிஞ்சிருச்சுங்களா, ஐயா?"

மைத்துனர் என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சுது. அள்ளுங்கோ" என்றேன்.