போறன் என்று சொல்லுங்கோ

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் ஊரவர்க்கும் வணக்கம். இதை எழுதுவது அவருடைய ஒரே தங்கை. சாவீட்டில் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். கூடப் படித்த நேர்ஸ்மார் கலியாணம் என்றும் சீமை என்றும் வேலையை விட்டுப் போக, அக்கா மட்டும் ஏன் கடைசிவரை அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார் என்று. சனத்துக்குள் நின்று சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அதனால் இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

அக்கா உப்புவெளியில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் தச்சு வேலை செய்தவர். சுதந்திரம் கிடைத்துச் சில காலத்தில் அக்கா நேர்ஸ் வேலை படிக்கக் கொழும்புக்கு வெளிக்கிட்டபோது சொந்தத்துக்குள் பெரிய கதையாகிவிட்டது. மாமி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, கண்ட ஆம்பிளையளின்ர உடம்பைத் துடைக்கிற வேலைக்கோ பிள்ளையை அனுப்பப் போறியள்? பிறகு ஆர் வந்து கட்டுவான்?"

அக்கா குசினிக்குள் நின்றபடியே, "நாளைக்கு நீங்கள் படுத்தால் ஆர் மாமி துடைக்கிறது?" என்றார். மாமி தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார். பிற்காலத்தில் மாமி பாயோடு கிடந்தபோது துடைத்தது அக்காதான் என்பது, இதை வாசிக்கும் மாமியின் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

படிப்பு முடிந்து, அங்கும் இங்கும் மாற்றலாகி, கடைசியில் எங்கள் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தார். முதலில் ஆண்கள் வாட்டில் வேலை. இலங்கைத்துறையிலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர் அங்கே நெஞ்சுச் சளியோடு கிடந்து சுகமானார். டொக்டர் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று அவர் கைகூப்பி, "போயிட்டு வாறன் மிஸி" என்றார். அக்காவும் வீட்டில் பழகியபடி, "ஓம், போயிட்டு வாங்கோ" என்றார். நாங்கள் யாரைத்தான் வேறு விதமாக வழியனுப்பியிருக்கிறோம்?

அவர் வந்தார். அடுத்த மாதமே, முன்னையிலும் மோசமாக வந்தார். அந்த முறை வீட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய மனைவி அழுது முடித்து, உடுப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றபோது, கோபமே இல்லாத குரலில், "நீங்கள்தானே மிஸி அவரை வரச் சொன்னனீங்கள்" என்றாராம்.

அக்கா இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "மூடநம்பிக்கை எண்டு எனக்குத் தெரியும். சளி கட்டினதுக்கு என்ர வாய் என்ன செய்யும்? ஆனா அந்த மனுசி இனிச் சாகுமட்டும் அப்பிடித்தானே நினைச்சுக்கொண்டு இருக்கப் போறா" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அக்கா எந்த வாட்டில் நின்றாலும் அங்கே ஒரு சட்டம் இருந்தது. துண்டு வெட்டினவர்கள் வாசலைத் தாண்டும்போது "வாறன்" என்று சொல்லக் கூடாது. "போறன்" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்க லேசாக இருக்கும். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் வாயில் வராது. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் சொல்வது அது. நான் சோறு கொண்டு போயிருந்த ஒரு நாள், கிண்ணியாவிலிருந்து வந்த வயதான ஒருவர் வாட்டு வாசலில் நின்று தவித்ததைப் பார்த்தேன்.

"இவ்வளவு நாளும் பெத்த புள்ள மாதிரிப் பார்த்தீங்க. போறன் எண்டு எப்படி மகள், மூஞ்சியப் பார்த்துச் சொல்ற? மரியாத இல்லையே."

"இஞ்ச மட்டும் மரியாதை வேண்டாம் வாப்பா. போறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "போறன்" என்றார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தார். வாசலைத் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வேலையை விட அக்காவுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பலபேர் நின்று பார்க்க வேண்டிய வாட்டைத் தனியாகப் பார்த்தார். கால் வீங்கி வந்து, வாளித் தண்ணீருக்குள் காலை வைத்தபடி கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார். சிங்களம் பாஸ் பண்ணினால்தான் சம்பளம் கூடும் என்ற காலமும் வந்தது. பேசி வந்த கலியாணங்கள் எல்லாம், "பிள்ளை வேலையை விடுவாவோ?" என்ற இடத்தில் வந்து நின்றன. மாற்றலாகித் திரிந்த காலத்தில் அக்காவோடு ஒரே குவாட்டர்ஸில் இருந்த சிநேகிதி சீமைக்குப் போய், நீயும் வா, வா என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அக்கா, "நானும் போகப் போறன்" என்றார். அம்மா அழுதார். நான் அழவில்லை. அக்கா இனியாவது இருந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. குளிருக்கென்று கம்பளிச் சட்டை ஒன்றை நானே பின்னினேன்.

வேலையின் கடைசி நாள் வந்தது. சாமான்களைத் தூக்கிவர நானும் போயிருந்தேன். அப்போது அக்கா பெண்கள் வாட்டில். ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்து, வாசலில் நின்று திரும்பினார். வாட்டு முழுக்க அவரையே பார்த்தது. எத்தனையோ பேரைக் கட்டாயப்படுத்திச் சொல்லவைத்த சொல்லை, இப்போது அவர் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். "போயிட்டு வாறன்" என்றுதான் வந்தது.

வாசலடிக் கட்டிலில் கிடந்த வெருகல் அம்மா ஒருவர் எழும்பி உட்கார்ந்தார். "மிஸி, பிழையாச் சொல்லிப்போட்டீங்கள். சட்டம் எங்களுக்கு மட்டும்தானோ? இனி நீங்கள் வரத்தான் வேணும்" என்றார். வாட்டே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"எங்கை அக்கா?"

"வாட்டுக்கு. மேற்றனிட்டைக் கதைச்சு, என்னைத் திரும்ப எடுக்கச் சொல்லப் போறன்."

"உங்களுக்கென்ன விசரே?"

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை."

நீங்கள் கேட்ட கேள்விக்கு அக்கா தந்த பதில் இவ்வளவுதான். எங்களுக்காக இருந்தார் என்பார்கள், பிடிவாதம் என்பார்கள். எனக்குத் தெரிந்தது, அங்கே கிடந்தவர்களை விட்டுப் போக அவருக்கு ஏலவில்லை. அது அவருக்கு விளங்கமுன்னமே வாய் சொல்லிவிட்டது. அந்தக் கம்பளிச் சட்டை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. இந்த வெக்கைக்குள் அதை யார் போடுவது?

அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் அக்காவும் நானும்தான். பென்சன் வயது வருமுன்னமே அவருக்கு வயிற்றில் வருத்தம் வந்தது. கொண்டுபோய்க் கிடத்தியது அதே வாட்டில். பார்த்துக்கொண்டது அக்காவிடம் வேலை பழகிய பிள்ளை. கடைசி நாள் மத்தியானம், அந்தப் பிள்ளை கட்டில் விரிப்பை மாற்றிவிட்டு நிமிரும்போது அக்கா கையைப் பிடித்து, "போறன் மகள்" என்றார். இந்த முறை பிழைவிடவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாங்கவில்லை. "வேண்டாம் அக்கா, வாறன் எண்டு சொல்லுங்கோ" என்று குனிந்து கெஞ்சினார். அக்கா சிரித்த மாதிரி இருந்தது. பொழுதுபடமுன் போய்விட்டார்.

அந்தப் பிள்ளைக்கும், கூட நின்று பார்த்த நேர்ஸ்மாருக்கும் அற்றென்டன்மாருக்கும், செய்தி கேட்டு வெருகலிலிருந்தும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து, மிஸி எங்களைப் போறன் எண்டு சொல்லவைச்சு அனுப்பினவ என்று சொல்லி அழுத எல்லோருக்கும், பாடை கட்டி, பந்தல் போட்டு, சமைத்து, என்னைச் சாப்பிடவைத்த அயலவர்க்கும் என் நன்றி.

இனி ஒரு விண்ணப்பம். செத்தவீட்டிலிருந்து சொல்லாமல் எழும்பிப் போவதுதான் எங்கள் வழக்கம். போயிட்டு வாறன் என்று யாரும் சொல்வதில்லை. இன்றைக்கு மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கோ. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, வாசலில் ஒருக்கால் நின்று, வாறன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கோ. சொன்னால் வரவேணும். இந்த வீட்டில் இனி நான் மட்டும்தான்.