வாசலில் நின்ற இடக்கையன்

வேரோனிக்காவுக்குப் பெரிய கட்டடங்களில் அப்படியொன்றும் ஆசை இருந்ததில்லை. அகதியாக வந்து சேர்ந்த பார்க்டேலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டப் போன பிறகுதான் வந்தது. பழைய ரோமாபுரியின் தூண்களும் வளைவுகளும், செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த படங்களாக அங்கே வந்து குவியும். அம்மாடியோ, என்ன உயரம்! அடியிலே எறும்பு போல ஒரு மனிதன் நிற்பான். அவள் கண் தூணில் நிற்காது, அவனிடமே போகும்.

அவளுடைய புருசன் எட்வேட், எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த பிறகு அவளை விமானம் ஏற்றிவிட்டு மன்னாருக்குப் போனவர். இரண்டு வருடமாக ஒரு செய்தியும் இல்லை. கலியாணப் படம்கூட வீட்டோடு சாம்பல். அவர் முகம் மெல்ல மெல்ல மறந்துகொண்டு வந்தது. முகம் தெரியாவிட்டாலும் ஆள் நிற்கட்டும் என்று, கடைக்காரி சனிக்கிழமைகளில் நடத்திய செப்புத் தகட்டுப் பட வகுப்பில் போய்க் குந்தினாள்.

தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது தின்னும். அச்சில் இடம் வலம் மாறும், திருப்பிக் கீறு என்று கடைக்காரி படித்துப் படித்துச் சொன்னாள். ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த ஊர்க் கோயில் படத்தை ஜன்னல் கண்ணாடியில் புறம் திருப்பி வைத்து வேரோனிக்காவும் திருப்பித்தான் கீறினாள். கடைசியாக வாசலில் எட்வேட்டை நிறுத்தினாள், இடக்கையில் குடையோடு. மனுசன் சரியான இடக்கையன். இடக்கையால் சிலுவை போட்டுச் சுவாமியாரிடம் ஏச்சு வாங்கினவர். அவரைக் கீறப் படம் எதற்கு? மனதில் நின்றபடியே கீறிவிட்டாள்.

ஈரத் தாளை உரித்தபோது மணிக்கோபுரம் ஊரில் போலவே வலப்பக்கம் நின்றது. வாசலில் யாரோ ஒருவன், வலக்கையில் குடையோடு.

"ஐயோ, கோயில் வந்திட்டுது, அவர் வரேல்லை" என்று அழுதாள்.

தகட்டைச் சுரண்டி ஆளைத் திருத்தலாம் என்றாள் கடைக்காரி. அவரைச் சுரண்டுவதா! நல்ல கதை.

தகட்டில் குடை இன்னும் இடக்கையில்தான் இருந்தது. அச்சை அறைத்தோழி பேர்ணடெற்றுக்குக் கொடுத்துவிட்டு, மை துடைக்காத தகட்டைத் தன் தலைமாட்டில் சாத்தினாள்.

"விசரே உனக்கு? உதிலை மணிக்கோபுரம் மற்றப் பக்கமல்லோ நிக்குது!" என்றாள் பேர்ணடெற்.

"நிக்கட்டும். நான் என்ன, கோயிலையே தேடுறன்?"