புகார் அக்காவின் மெழுகுவர்த்திகள்

என் நாத்தனாருக்குத் தெருவில் 'புகார் அக்கா' என்று பெயர். இருபத்தாறு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, நின்றால் நாறுகிறது என்று காலையிலிருந்து மாலைவரை ஊரார் அவர் முகத்தைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் ஒருவரிடமும் திருப்பிக் கத்தியதில்லையாம். எனக்கோ மூக்கின்மேல் கோபம். எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் குடிவைத்த புண்ணியவான் என் வீட்டுக்காரர், அதாவது அவருடைய தம்பி.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அக்காவுக்கு ஒரு கொடுங்காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் படுத்துக் கிடந்து எழுந்தவர், ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டு, வாசனை மெழுகுவர்த்தி செய்யப்போவதாக ஒருநாள் அறிவித்தார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுக்கவேண்டாம் என்று நானும் தலையாட்டி வைத்தேன். மறுவாரமே அடுப்பில் ஒரு பர்னர் பறிபோனது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு பாத்திரம், அதற்குள் இன்னொரு பாத்திரம், அதில் சோயா மெழுகுச் சீவல். பக்கத்தில் தெர்மாமீட்டர், குட்டித் தராசு, கண்ணாடிக் குவளைகள் பதினெட்டு. மெழுகு எழுபது டிகிரி வந்ததும் வாசனை எண்ணெயை நிறுத்து ஊற்றி, இரண்டு நிமிடம் கலக்கி, கொஞ்சம் ஆறியபின் குவளையில் ஊற்றுவார். அதுவரை நான் ஒரே பர்னரில் மூன்று பேருக்குச் சமைக்கவேண்டும்.

மெழுகு சொன்னபடி கேட்குமா? கேட்கவில்லை. அதற்குத்தான் அக்கா ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். அலுவலகப் பழக்கம் போகுமா?

புகார் எண் 3: திரியைச் சுற்றிப் பள்ளம். காரணம்: மேற்பரப்பு முதலில் இறுகி, உட்புறம் பிறகு சுருங்குதல். நடவடிக்கை: ஹேர் டிரையர் மூலம் மேற்பரப்பு உருக்கிச் சமன் செய்யப்பட்டது. முடிவு: திருப்தி.

புகார் எண் 8: மெழுகு கண்ணாடியை விட்டு விலகி, ஈரத்திட்டு போலத் தெரிதல். நடவடிக்கை: ஊற்றுமுன் குவளையை வெதுவெதுப்பாக்குதல். ஜன்னல் காற்றில் ஆறவைக்காதிருத்தல்.

புகார் எண் 11: நடுவில் கிணறு வெட்டியது போல் எரிந்து, ஓரத்து மெழுகு அப்படியே நிற்றல். நடவடிக்கை: தடித்த திரி. முதன்முறை ஏற்றும்போது ஓரம்வரை உருகாமல் அணைக்கக்கூடாது என்று வீட்டார் எச்சரிக்கப்பட்டனர்.

எச்சரிக்கப்பட்ட வீட்டார் நான்தான். திருப்தி தந்த ஹேர் டிரையரும் என்னுடையதுதான். குற்றம் சொல்லக்கூடாது, நாலு மாதத்தில் அவருடைய மெழுகுவர்த்தி பார்க்க அவ்வளவு அழகாக வந்தது. மேலே பால் ஏடு மாதிரி வழவழப்பு, பக்கவாட்டில் ஒரு திட்டு கிடையாது.

வாசனைதான் பிரச்சினை. குறைவு என்ற பிரச்சினை இல்லை. லிஃப்ட் எங்கள் மாடிக்கு வருவதற்கு ஒரு மாடி முன்பே வீடு வந்துவிட்டது தெரியும். எனக்குக் கண் எரியும், நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறிக்கும். ஒவ்வொரு குவளையையும் ஏற்றிவைத்துவிட்டு அக்கா என் முகத்தையே பார்ப்பார்.

"எப்படி இருக்கு? சரியா சொல்லு."

"நல்லா இருக்குக்கா."

வேறு என்ன சொல்வது? நாத்தனாரோடு ஒரே கூரைக்குக் கீழே பதினோரு வருடம் சண்டையில்லாமல் ஓட்டியிருக்கிறேன். எண்ணெய்க்காக அதைக் கெடுத்துக்கொள்வேனா? என் வீட்டுக்காரர் இன்னும் சாமர்த்தியசாலி. பால்கனியில் நின்றுகொண்டு, கைக்குட்டையை முகத்தில் வைத்தபடி, "சூப்பர்க்கா" என்பார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். அடுத்த தடவை அக்கா இன்னும் இரண்டு கிராம் கூட ஊற்றுவார்.

இப்படி இருக்கும்போதுதான் தெருமுனைப் பல் டாக்டரம்மா வந்தார். அவருடைய கிளினிக்கில் காத்திருக்கும் அறை முழுக்க மருந்து வாடையாம். நோயாளிகள் உட்கார்ந்து இரண்டு முறை மூச்சு இழுத்ததும், இதோ வந்துவிடுகிறேன் என்று எழுந்து போய்விடுகிறார்களாம். புது அறை கட்டிக்கொண்டிருக்கிறார், திறப்பதற்குள் பன்னிரண்டு மெழுகுவர்த்தி வேண்டும், முதலில் சோதனைக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டார்.

அவர் போனபின் அக்கா சோபாவில் உட்கார்ந்தார். முகம் பளபளத்தது.

"இருபத்தாறு வருஷத்துல இதான் முதல் தடவை. இது சரியில்லன்னு சொல்லாம, இது செஞ்சு குடுங்கன்னு என்கிட்ட ஒருத்தர் வந்து கேட்டிருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இது சரியா வரலன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேன்."

இப்படிச் சொன்னவருக்கு எப்படிப் பலித்தது தெரியுமா? சோதனை மெழுகுவர்த்தி மறுநாள் மதியமே திரும்பி வந்தது. டாக்டரம்மாவே கையில் ஏந்திக்கொண்டு வந்தார். வரவேற்பில் இருக்கும் பெண் மயங்கி விழாத குறையாம். பல்வலியோடு வந்த ஒருவர் தலைவலியோடு போயிருக்கிறார். போதாததற்கு, மெழுகின்மேல் முத்து முத்தாக எண்ணெய் கசிந்து, திரி அதில் திணறித் திணறி அணைந்துபோயிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ரூம் திறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கு. வேற ஒண்ணு செஞ்சு பாருங்க, நான் காத்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. தங்கமான மனுஷி.

அக்கா நோட்டை எடுத்தார். புகார் எண் 17, எண்ணெய் கசிவு. புகார் எண் 18, திரி அணைதல். 'காரணம்' என்ற இடத்தில் பேனாவை வைத்தவர் ஒன்றும் எழுதாமல் மூடிவைத்தார். எண்ணெய் கூடிப்போனது எனக்கே தெரிகிறது, இவ்வளவு கெட்டிக்காரிக்குத் தெரியாதா? எனக்கு உள்ளூர எரிச்சலாக வந்தது.

இரண்டு நாள் கழித்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மேல் வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள், பேச்சு நீண்டுவிட்டது. இறங்கி வரும்போதே படிக்கட்டில் கருகல் நாற்றம். ஓடிவந்து பார்த்தால் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்துப் பாத்திரமே கறுத்துவிட்டது. நாத்தனார் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு முழத் தூரத்தில் நின்று, நிதானமாக மெழுகை நிறுத்துக்கொண்டிருக்கிறார்.

"அக்கா! பால் கருகுது! உங்க மூக்கு எங்க போச்சு?"

திரும்பிப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். தராசையும் அணைத்தார். லாரித் தண்ணீர் நாளைக்குத்தான் என்று ஜன்னலுக்கு வெளியே சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"போயிடுச்சு. அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு."

"என்னது போயிடுச்சு?"

"மூக்குதான். ரெண்டு வருஷமா எனக்கு ஒரு வாசனையும் தெரியாது."

நான் கையிலிருந்த துணி மூட்டையை அப்படியே தரையில் போட்டேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லையா, டாக்டரிடம்கூடவா என்று படபடவென்று கேட்டேன்.

"டாக்டர்கிட்ட சொன்னேன். வந்தாலும் வரும், வராமலும் போகும்னார். தினமும் ஏதாவது நல்ல வாசனையா மோந்து பாருங்க, பழக்கினா திரும்பலாம்னார்."

"அதுக்காகவா இந்த மெழுகுவர்த்தி எல்லாம்?"

"பத்து கிராம் போட்டேன், தெரியல. பன்னண்டு போட்டேன். பதினாலு போட்டப்ப லேசா ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு. மனப்பிராந்திதான் போல." தராசின் மேலிருந்த மெழுகுத் தூளை விரலால் ஒதுக்கினார். "ஆனா மத்தவங்களுக்குச் சரியா இருக்கணுமே. அதான் ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்டேன். நீ நல்லா இருக்குன்ன. அதை நம்பித்தான் மேல மேல ஊத்தினேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் சொன்ன நாலு மாதத்துப் பொய்தான் அவருக்கு இருந்த ஒரே மூக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போது எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும், அதனால் கத்தினேன்.

"பொய்க்கா! எல்லாம் பொய்! நாலு மாசமா எனக்குத் தலைவலி! உங்க தம்பி கைக்குட்டை இல்லாம வீட்டுக்குள்ள வர்றதில்ல! மூணாவது மாடில லிஃப்ட் நின்னா அங்கயே வாசனை வருது!"

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, இருபத்தாறு வருஷம் புகார் வாங்கினவகிட்ட ஒரு புகார் சொல்ல உனக்குப் பயமா?"

அன்றே நோட்டில் காரணம் எழுதப்பட்டது: அளவுக்கு மீறிய எண்ணெய். மறுநாளிலிருந்து என் பாடு திண்டாட்டமானது. நூறு கிராம் மெழுகுக்கு நாலு, ஆறு, எட்டு என்று மூன்று அளவில் ஊற்றி, மூடி போட்டு இரண்டு வாரம் ஊறவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக மேசையில் ஏற்றிவைத்து, என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நடந்து வரச்சொன்னார். வாசனை தெரிகிற இடத்தில் நான் நிற்கவேண்டும். அங்கே அவர் சாக்பீஸால் கோடு போடுவார். நாலு கிராம் மேசைக்கு ஒரு அடி முன்னால்தான் தெரிந்தது. எட்டு கிராம் வாசலிலேயே தெரிந்தது. ஆறு கிராமுக்கு நான் சோபா அருகில் நின்றேன். கிளினிக்கில் நாற்காலிக்கும் வரவேற்பு மேசைக்கும் எத்தனை அடி என்று அக்கா ஏற்கெனவே போய் அளந்து வந்திருந்தார். ஆறுதான் என்று முடிவானது. மூன்று தடவைக்குமேல் மோந்தால் என் மூக்கும் மரத்துப்போகும் என்று தெரிந்ததும், நடுநடுவே பால்கனிக்கு அனுப்பினார். மாலையில் வந்த என் வீட்டுக்காரர், கூடத்தில் பாண்டி ஆட்டம் ஆடினீர்களா என்று கேட்டார்.

அடுத்தது எந்த வாசனை என்பது. இப்போது நான் உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை.

"எலுமிச்சை?"

"பாத்திரம் தேய்க்கிற சோப்பு."

"லாவெண்டர்?"

"பீரோவுல வருஷக்கணக்கா வச்ச புடவை."

"வெனிலா?"

"பசிக்குது. பல் டாக்டர்கிட்ட உட்கார்ந்து யாருக்காவது பசிக்கணுமா?"

ஏழாவது புட்டியைத் திறந்ததும் நான் நிறுத்தினேன். என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அக்கா பேனாவோடு காத்திருந்தார்.

"வெயில்ல காஞ்ச துண்டுக்கா. கொடியில இருந்து எடுத்ததும் மூஞ்சில வச்சுக்குவோமே, அது."

அவர் எழுதவில்லை. புட்டியை வாங்கித் தன் மூக்கருகே வைத்தார். ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"எனக்கு அது ஞாபகம் இருக்கு" என்றார்.

புது அறை திறந்த நாளன்று நாங்கள் இருவரும் போனோம். பன்னிரண்டில் ஒன்றை ஏற்றிவைத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் நாலு பேர், ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒரு பெரியவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டே இருந்தார். பல்லைப் பிடுங்க வந்த இடத்தில் தூங்குகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். வரவேற்புப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க இந்த வாசனைய? உங்களுக்கு என்ன ஒரு மூக்கு!"

அக்கா சிரித்து மழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். கூடப் பிறந்த தம்பியிடமே இரண்டு வருடம் மறைத்தவர் ஆயிற்றே.

"எனக்கு மூக்கே வேலை செய்யாது டாக்டர்" என்றார் அக்கா. அந்த நாலு பேருக்கும் கேட்கிற குரலில்தான் சொன்னார். பெரியவர்கூட விழித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமாச்சு. ஒண்ணுமே தெரியாது. இவ என் தம்பி பொண்டாட்டி. இவ மோந்து சொல்லுவா, இவ சொல்றத நம்பித்தான் நான் ஊத்தறேன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் கரகரவென்று இறங்கியது. புகை பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று மேசையைப் பார்த்தேன். சுடர் ஆடாமல் நின்றது, மெழுகு ஓரம்வரை ஒரே சீராக உருகியிருந்தது, பொட்டுப் புகை கிடையாது. அவ்வளவு ஒழுங்காகச் செய்து தொலைத்திருந்தார்.