வகை எண் நாற்பத்தொன்று

அப்பாவின் குடியிருப்பு அட்டை கைக்கு வந்த அன்றே மகள் பிழையைப் பார்த்துவிட்டாள். லிஃப்ட் சோதனை செய்து சான்றிதழ் தருவது அவள் தொழில். கம்பி வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். விண்ணப்பத்தில் அவள் எழுதியிருந்தது வகை எண் பதினான்கு: உடன் வசிக்கும் பெற்றோர். குடியேற்ற அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்யும்போது எண்ணைப் புரட்டிவிட்டிருந்தார்கள். அட்டையில் இருந்தது நாற்பத்தொன்று: வீட்டுச் சமையல்காரர். முதலாளி என்ற இடத்தில் அவள் பெயர்.

அப்பாவுக்கு அன்றைய தேதியில் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முழுக்க வாசித்தார். பிறகு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு மகள் முன்னால் நின்றார்.

"சம்பளத்தை இப்பவே பேசிடுவோம் முதலாளியம்மா. பின்னாடி தகராறு வரக் கூடாது."

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். அட்டையின் பின்பக்கத்தில், பிழை இருந்தால் கவனித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் நேரில் வரவும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதையும் அவள் வாசித்திருந்தாள்.

அப்பா கண்டக்டராக வேலைக்குச் சேர்ந்தவர். இருபத்தாறு வயதில் நுரையீரலில் நோய் வந்து, ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டு ஆறினார். கூட்டத்தில் நின்று கத்த வேண்டாம் என்று டிப்போ வாசல் கூண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது. முப்பத்தொரு வருடம் அதைத்தான் எழுதினார். ஓர் ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் உங்கள் வீட்டுச் சொத்தா கரையும் என்று ஓட்டுநர்கள் திட்டுவார்கள். அவர் விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டில் அதற்கு நேர்மாறு. பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கல் படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கேட்டபோது, மெஷின் ஆம்பளை பொம்பளை பார்க்காது என்று ஒரே வரியில் அத்தனை பேர் வாயையும் அடைத்தார். மனைவி போன பிறகு இரண்டு வருடம் மெஸ்ஸில் சாப்பிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்ததைப் பார்த்துத்தான் மகள் தான் வேலை பார்க்கும் நாட்டுக்கு அழைத்துக்கொண்டாள்.

அந்த முப்பது நாளும் அவளுக்கு ஒரு புதுக் கட்டடத்தில் வேலை. இருபத்திரண்டு மாடி, ஆறு லிஃப்ட், திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. குடியேற்ற அலுவலகக் கவுன்டர் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை திறந்திருக்கும். அரை நாள் விடுப்பு போதும். திங்கட்கிழமை போகலாம் என்றாள். நான்கு திங்கட்கிழமைகள் வந்து போயின. முப்பத்தாறாம் நாள் இணையத்தில் விதியைப் பார்த்தாள். கெடு தாண்டினால் அது பிழைத் திருத்தம் இல்லை, வகை மாற்றம். அட்டையை ரத்து செய்து, நாட்டை விட்டுப் போய், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதமாவது ஆகும். மூணு வருஷம் செல்லும்ல, அப்புறம் பாத்துக்கலாம் என்று அப்பாவே சொன்னார். அவளுக்கு அது வசதியாக இருந்தது.

சமையல் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. யாராவது வந்து சோதித்தால் ஒரு முட்டையாவது வேகவைத்துக் காட்ட வேண்டாமா என்றார். முதல் முட்டை வெடித்தது. இரண்டாம் நாள் பாத்திரத்தின் அடி கருகியது. மூன்றாம் நாள் ஒரு நோட்டு வாங்கிவந்து கட்டம் போட்டார். ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், குறிப்பு. குறிப்பில் டிப்போ பாஷை: "பருப்பு நாலு நிமிடம் தாமதம். தீய்ந்தது." ஆறு மாதத்தில் கை தேர்ந்துவிட்டது. மகளும் மருமகனும் மாலை ஏழுக்கு வீடு திரும்பினால் மேஜையில் ஆவி பறக்கும். சாப்பிட்ட தட்டையும் அவரே கழுவினார். வேண்டாம்பா, வைங்க என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அப்பாவுக்குச் சமையல் என்றால் உயிர் என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்வாள். முதலில் மற்றவர்களுக்காகச் சொன்னது, பிறகு தானும் நம்பினாள்.

மூன்றாம் வருடம் கணவன்தான் பேச்சை எடுத்தான். அட்டையின் கெடு முடிவதற்குள் மாமாவை ஊருக்கு அனுப்பி, சரியான வகையில் மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் சிக்கல் என்றான். அவள் களைத்துப்போய் வந்திருந்தாள். காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"அவர் போயிட்டா ஆறு மாசம் சமையலை யாரு பாக்குறது? எனக்கு சைட்டே எட்டு மணி வரைக்கும் இழுக்குது."

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா தண்ணீர்க் கூஜாவோடு வந்தார். மேஜையில் வைத்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"முதலாளியம்மா, ஒரு விண்ணப்பம். ஆறு மாச லீவு கேட்டா வேற ஆள் வச்சிடுவீங்களோ?"

மருமகன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிச்சிடுங்கப்பா என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். தண்ணீரை ஊற்றிக் குடித்தாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அட்டையைப் புதுப்பிக்கும்போது சமையல்காரர்களுக்கு எக்ஸ்ரே கட்டாயம். பெற்றோருக்கு இல்லை. படத்தில் நாற்பது வருடத்துக்கு முந்தைய தழும்பு தெரிந்தது. இரண்டாம் நாள் கடிதம் வந்தது: பணிக்குத் தகுதியற்றவர், பதினான்கு நாளில் வெளியேறவும்.

பழைய விண்ணப்பத்தின் நகலோடு அப்பாவை அழைத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடினாள். அங்கிருந்த அம்மாள் நல்ல மாதிரி. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தப்பு எங்களுடையதுதான், மேல்முறையீடு போடுங்கள் என்று ஒரு பக்கப் படிவம் தந்தார். ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார். பிழையை முதலில் கவனித்த தேதி.

"நிறைய பேரு இப்ப மெடிக்கல் வந்தப்பத்தான் பார்த்தோம்னு எழுதுவாங்க. அப்போ முப்பது நாள் கணக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிக்கும்," என்றார், திரையைப் பார்த்தபடி. பிறகு அதே விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. பொய்த் தகவல் தந்தால் விண்ணப்பதாரரின் தொழில் உரிமமும் ரத்தாகும் என்று அங்கே இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை. அட்டை வந்த அன்று அவள் எதைப் பார்த்தாள் என்று யார் சாட்சி? நூற்றில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நகரத்தில் நாற்பத்து மூன்று லிஃப்டுகளில் அவள் கையெழுத்து ஒட்டியிருந்தது.

உண்மையான தேதியை எழுதினாள்.

நேர்மையான பெண் என்று பின்னால் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அது நேர்மை இல்லை, பயம். மூன்று வருடம் தவறான அட்டையோடு அவரைச் சமைக்க வைத்தபோது வராத நேர்மை, அப்பாவுக்கும் உரிமத்துக்கும் நடுவே நின்றபோது மட்டும் எங்கிருந்து வரும்?

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை வாங்கிப் பார்த்தார். தேதியில் கொஞ்சம் நின்றார்.

"சரியாத்தான் போட்டிருக்கே," என்று திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் நாள் நிராகரித்தார்கள். ஒன்பதாம் நாள் அவர் விமானம் ஏறினார். குளிர்பெட்டியில் ஐந்து நாளுக்கான சாப்பாடு டப்பாக்களில் இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதியும், எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்ற குறிப்பும்.

ஊரில் தன் அக்கா வீட்டில் தங்கினார். மகள் புதிதாக விண்ணப்பித்தாள். வகை எண் பதினான்கு. அனுப்புவதற்கு முன் நான்கு தடவை சரிபார்த்தாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினார்கள். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லையா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏழாம் மாதம் ஒரு காலையில் செய்தித்தாளை மடியில் வைத்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. நுரையீரலுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று மருத்துவர், யாரும் கேட்காமலேயே சொன்னாராம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் மதியம் அத்தை தட்டு வைத்துப் பரிமாறினாள். தம்பியைப் பற்றித்தான் பேச்சு. மக வீட்டுல ராஜா மாதிரி இருந்தேன்னு தெருவுல ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கான் என்றாள். மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"இங்க என்னவெல்லாம் சமைச்சுப் போட்டார் அத்தை?"

"யாரு, அவனா?" அத்தை கரண்டியோடு நின்றாள். "ஏழு மாசத்துல அடுப்படிப் பக்கம் கால் வைக்கலையே. நான் காய்ச்சல்ல கிடந்தப்பகூட கடையிலதான் ரொட்டி வாங்கிட்டு வந்தான். ஒரு வாய் வெந்நி வச்சுக் குடுடான்னா, நான் ரிட்டயர் ஆயிட்டேன்க்கா, அந்த வேலைக்கு இனிமே என்னைக் கூப்பிடாதேங்கிறான். எந்த வேலைடான்னு கேட்டா சிரிக்கிறான்."

மகளின் கை தட்டில் நின்றது.

"எதைச் சொன்னான்னு உனக்காவது தெரியுமா?"

"டிப்போ வேலையைத்தான் சொல்லியிருப்பார் அத்தை," என்றாள்.

யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அத்தை நம்பிவிட்டாள். அப்படித்தான் இருக்கும், அந்தக் கூண்டுல உக்காந்து உக்காந்தே முதுகு போச்சு என்றபடி இன்னொரு கரண்டி வைத்தாள்.