பதினோரு மணி பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது எழுபதுகளின் நடுவில், திருச்சியில் காசநோய்க்கு இலவசமாக ஊசி போடும் ஒரு கிளினிக்கில். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், இருமலில் ரத்தம் வந்ததால் லீவில் இருந்தேன். அவருக்குப் பெரிய கடைவீதிப் பக்கம் வீடு. கணவர் துபாயில் வேலை பார்த்தார். அக்காவுக்கும் என் நோய்தான். வாரத்தில் இரண்டு நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

ஊசி அறையைப் பத்து மணிக்குச் சாத்திவிடுவார்கள். இருந்தது ஒரே நர்ஸ்; அதன் பிறகு அவர் வார்டைப் பார்க்க வேண்டும். டவுன்காரர்களுக்கு அதில் கஷ்டம் இல்லை. உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் பஸ் பதினோரு மணிக்குத்தான் வந்து சேரும். காட்டு வேலையை விட்டுவிட்டு, அவ்வளவு தூரம் நின்றுகொண்டே வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சில பேர் அதோடு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா டாக்டரிடம் இதைச் சொன்னார். கிளினிக் முறை அப்படித்தான் என்றார் அவர். நல்ல மனிதர், கடுமையாகச் சொல்லவில்லை. அக்கா அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை.

ஒரு திங்கட்கிழமை நர்ஸ் கூப்பிட்டபோது அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த பஸ் வந்த பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றார். நர்ஸ் போய்ச் சொல்ல, டாக்டரே வெளியில் வந்துவிட்டார்.

“என்னம்மா இது? நடுவுல மருந்தை விடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? விட்டா நோய் திரும்பிக்கும்.”

“அவங்களுக்கும் அப்படித்தானுங்களே சார்,” என்றார் அக்கா.

எப்படியாவது பிழைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாத காலம் அது. அதே நோயோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர்களுக்காகத் தன் ஊசியைத் தள்ளி வைக்கிறார்.

பதினோரு மணிக்கு, பஸ்ஸில் வந்தவர்கள் வேகவேகமாக உள்ளே வந்தார்கள். ஒருவரால் நடக்கவே முடியவில்லை. அவர் மனைவி தோளில் சாய்த்துக் கூட்டி வந்தார். அணைத்த ஸ்டவ்வை மறுபடி பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்க வைக்கச் சொன்னார் டாக்டர். அன்று அவரே எல்லோருக்கும் போட்டார். அக்கா கடைசியில்தான் உள்ளே போனார்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. டாக்டர் லீவில் போனால் கதவு பழையபடி பத்து மணிக்குச் சாத்தப்படும். அக்கா பழையபடி உட்கார்ந்திருப்பார். நான் குணமாகி வேலைக்குத் திரும்பினேன். அவருக்கும் குணமாகிவிட்டது, ஆனால் கிளினிக்குக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. மேலதிகாரிகளைப் பார்க்க ஆபீஸ் ஆபீஸாகப் போனார். சில நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். நாளைக்கு வாங்க என்று அனுப்பினால், சரிங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் முதல் ஆளாக நிற்பார். இன்னொரு நர்ஸ் வந்தார், ஊசி நேரம் மதியம் வரை நீண்டது. சில வருஷம் கழித்து உப்பிலியபுரம் பக்கமே மருந்து கிடைக்க ஆரம்பித்தது.

எண்பதுகளின் நடுவில், குணமானவர்கள் எல்லாம் சேர்ந்து சர்ச்சை ஒட்டிய ஒரு ஹாலில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தோம். பொன்மலையிலிருந்தும் திருவெறும்பூரிலிருந்தும் குடும்பத்தோடு வந்தார்கள். உப்பிலியபுரத்துக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ரிட்டயர் ஆகியிருந்த அதே டாக்டர், கலங்கிய கண்களோடு சால்வையை அக்காவின் கையில் கொடுத்தார்.

பேசச் சொன்னதும் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் வந்தார். நன்றி சொன்னார். பிறகு, மேடையில் இருந்த புதிய டாக்டர் பக்கம் திரும்பினார்.

“இன்னொண்ணு இருக்குங்க சார். புதுசா கல்யாணம் ஆன பொண்ணுங்க, தெரிஞ்சவங்க யாராவது பாத்துருவாங்கன்னு பயந்துக்கிட்டு பகல்ல வர மாட்டேங்கறாங்க. பொம்பளைங்களுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு நேரம் வெச்சுக் குடுங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார் புதிய டாக்டர். சரிங்க என்றார் அக்கா. அந்த ‘சரிங்க’வுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

தீபாவளி முடிந்து சாயங்கால நேரம் ஆரம்பமானது. முதல் வாரமே, எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு மருமகளை நான் கூட்டிப் போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், ஊசி போட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.