ஓரம் அடித்த பொத்தல்

பாப்பாத்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொன்னதுதான். அரியலூர் பைபாஸில் அவளுடைய தார்ப்பாய்க் கடைக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே என்றைக்கோ டீயில் ஈ கிடந்ததைக் கேட்கப்போய் வாய்த்தகராறு ஆகிவிட்டது. "இனிமே ஒன் கடை டீயத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் கடைக்காரர் மாறிவிட்டார், கடையின் பேர் மாறிவிட்டது, இப்போது நல்ல டீயாகவே போடுகிறார்கள். அவளோ இன்றைக்கும் வெயிலில் அடுத்த தெரு வரை நடந்துபோய்த்தான் டீ குடிக்கிறாள். அப்படிப்பட்டவள் சம்பந்தி வீட்டார் முன்னால், "இந்த ஆடிக்கு என் பட்டம் நின்னு பறக்கலன்னா, அதுக்கப்புறம் பட்ட நூலையே கையால தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பக்கென்று ஆகிவிட்டது.

சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவள் பிழைப்பு. மூட்டை நனைந்தால் சிமெண்ட் கல்லாகிவிடும். அதனால் தார்ப்பாயில் பொத்தல் இருக்கக் கூடாது. மற்றவர்கள் தைத்ததும் உதறி மடித்துக் கொடுத்துவிடுவார்கள். பாப்பாத்தி அப்படியில்லை. தைத்து முடித்த தார்ப்பாயைக் கொட்டகைக் கம்புகளில் கட்டி, அதன் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வெயிலுக்கு எதிரே கண்ணை ஓட்டுவாள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த இடத்தை அடைத்து, மறுபடி படுத்துப் பார்த்து, ஒரே இருட்டாக இருந்தால்தான் எழுந்திருப்பாள். "பாப்பாத்தி கடைத் தார்ப்பாய்ல பொத்தல் கெடையாது" என்று லாரிக்காரர்கள் சொல்வதைக் கேட்க அவளுக்கு அப்படி ஒரு பெருமை. அவள் வீட்டுக்காரர் சாமிதுரையும் லாரிதான் ஓட்டுகிறார். அவரும் போகிற ஊரெல்லாம் இதைச் சொல்லித் திரிவார்.

பட்டப் பைத்தியம் பிடித்ததும் அந்தத் தார்ப்பாயால்தான். சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், வாசலில் விரித்திருந்த பெரிய தார்ப்பாய்க்குள் காற்று புகுந்துகொண்டது. முனையை விடாமல் பிடித்திருந்த பாப்பாத்தியை ஒரு சாண் உயரம் தூக்கி, இரண்டடி தள்ளிக் கொண்டுபோய் வைத்தது. பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து ஆட்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தால், இவள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "யாத்தே, என்னையே தூக்கிடுச்சு பாரேன்!" என்று அன்று முழுக்க அதே பேச்சு. பாப்பாத்தி நல்ல கனமான உடம்புக்காரி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரமே பெரம்பலூரில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் ஆர்த்தி, தன் பட்டங்களை வைக்க நீளமாக ஒரு பை தைக்க வந்தாள். பை தைத்துக் கொடுத்த கையோடு, அந்தப் பெண் பின்னாலேயே பட்டத் திருவிழாவுக்கும் போய்விட்டாள் பாப்பாத்தி.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு வறண்ட ஏரி. ஆடியில் அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, மேல்காற்றுதான் கரையை முட்டும். புதுச்சேரி, கோயம்புத்தூர் என்று எங்கிருந்தோ பட்டப் பிரியர்கள் வந்து ஏரிக்குள்ளேயே கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குவார்கள். மாஞ்சா அங்கே கிடையாது; யாரும் யார் பட்டத்தையும் அறுப்பதில்லை. மீன், மயில், ஆட்டோ, பல் விளக்குகிற குரங்கு என்று வானம் முழுக்க ஏதாவது ஆடிக்கொண்டிருக்கும். பாப்பாத்தி போன முதல் வருஷமே கையில் நூலை வாங்கினாள். அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை.

இந்த வருஷம் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு வட்டப் பட்டம் தைத்தாள். தைக்கும்போது துணி நகராமலிருக்க அவள் வைக்கிற கனம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைத்த ஒரு சுருள் கல். கடல் இந்தப் பக்கம் இருந்த காலத்து நத்தை என்று ஆர்த்தி சொல்லியிருந்தாள். அதே சுருளைக் குடைத்துணியில் மஞ்சளும் காவியுமாக ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்தாள். சித்திரையில் தொடங்கிய வேலை ஆனி வரை போனது. வீட்டில் பட்டம் இருந்தது, மனிதர்கள் இடுக்கில் இருந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து மகள் தமிழ்மொழியோடு சம்பந்தி வீட்டார் வந்தபோது உட்கார நாற்காலி இல்லை. எல்லாவற்றின் மேலும் நத்தை படுத்திருந்தது.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பட்டம் வுடுறாங்க எங்க வூட்ல" என்று சாமிதுரை சம்பந்தியிடம் சிரித்தார். அதற்குப் பதிலாகத்தான் அந்தச் சபதம் வாயிலிருந்து வந்தது.

"அப்ப நானும் வரேன். விழுந்துச்சுன்னா கையோட மடிச்சுப் பரண்ல ஏத்திடலாம்ல?" என்றார் சாமிதுரை. சொன்னபடியே லீவு போட்டு, குட்டியானை வண்டியில் பட்டத்தை ஏற்றிக்கொண்டு ஏரிக்கு வந்தும் விட்டார்.

மற்றவர்கள் கூடாரமெல்லாம் கடையில் வாங்கியவை, கலர் கலராக, காற்றுக்குப் படபடவென்று துடித்தன. பாப்பாத்தியின் கூடாரம் லாரித் தார்ப்பாயில் அவளே தைத்தது. லாரிக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் அசையாது. உள்ளே காற்றும் வராது, வெளிச்சமும் வராது. முதல் நாள் மத்தியானம் அதற்குள் தலையை விட்ட சாமிதுரை வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "இட்லிப் பானைக்குள்ள படுத்த மாதிரி இருக்குடி. ஒரு சின்ன ஓட்டையாச்சும் வச்சா என்ன?"

"நான் தைக்கிறதுல ஓட்டையா? வெளியில போய்ப் படுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் பெரிய பட்டத்தை எடுக்கவில்லை. பழைய சின்னப் பட்டத்தை ஏற்றி, நூலை இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் குஸ்கா கிண்டினாள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அவளைக் கிண்டலடிக்க, இவள் திருப்பிக் கொடுக்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாமிதுரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது கூட அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காற்று நன்றாக எழுந்ததும் நத்தையைத் தூக்கினார்கள். இரண்டு பேர் ஓரத்தைப் பிடிக்க, ஆர்த்தி நூலைப் பார்த்துக்கொள்ள, பாப்பாத்தி நூலைப் பிடித்துப் பின்னோக்கி ஓடி இழுத்தாள். பட்டம் ஜிவ்வென்று பனைமர உயரம் போனது. ஏரியே கைதட்டியது. அடுத்த நிமிஷம் இடதும் வலதுமாகச் சாய்ந்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, மூக்குக் குத்தித் தரையில் விழுந்தது. ஒடிந்த கம்பியை மாற்றினார்கள். வாலை நீட்டினார்கள். பட்டத்தை நூலோடு சேர்க்கிற சூத்திரக் கயிற்றை ஏற்றியும் இறக்கியும் கட்டினார்கள். அன்று முழுக்க அதே கதை. பாப்பாத்தியின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஆர்த்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, இவ்ளோ பெரிய வட்டத்துல அடைபட்ட காத்து எந்தப் பக்கமாவது வழிஞ்சுதானே ஆகணும்? அதான் ஆடுது. நடுவுல ஒரு ஓட்டை வச்சிட்டா நின்னுடும்க்கா."

"ஓட்டையா?"

"ஒரு தட்டு அகலம் போதும்."

பாப்பாத்தி கத்தரிக்கோலை எடுத்தாள். சுருளின் நடுவில் வைத்தாள். கை வரவில்லை. இத்தனை வருஷமாக எதை அடைத்து அடைத்துச் சோறு தின்றாளோ, அதைத் தன் கையாலேயே போடுவதா? "வேண்டாம் ஆர்த்தி. விழுந்தா விழுந்துட்டுப் போவுது. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று கத்தரிக்கோலை மண்ணில் வைத்துவிட்டாள். நாளை முதல் நூலைத் தொட முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் நிஜமாக உறைத்தது.

சாமிதுரை அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். நாற்காலிகள் திரும்பக் கிடைத்திருக்கும், வீடும் வீடாகியிருக்கும். மனிதர் எழுந்து வந்து, கத்தரிக்கோலை எடுத்து மண்ணைத் துடைத்து, அவள் கையில் வைத்தார்.

"வெட்டு."

"நீங்களா சொல்றீங்க?"

"முந்தா நேத்து சாயங்காலம் நீ சிரிச்சியே, அந்தச் சிரிப்ப நம்ம வூட்ல நான் பார்த்ததே இல்ல. அதைப் பரண்ல ஏத்தச் சொல்றியா? வெட்டு பாப்பாத்தி. லாரித் தார்ப்பாய்க்குத்தான் பொத்தல் அசிங்கம்."

அவர் துணியை இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்தார். பாப்பாத்தி கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டு வெட்டினாள். மீதியைக் கண்ணைத் திறந்துகொண்டு வெட்டினாள்.

வெட்டியதும் பட்டத்தை ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் எழுந்தார்கள். அவள் விடவில்லை. "பிசிறு தொங்குது, இப்படியேவா வானத்துல காட்டுறது?" என்று சப்பணம் போட்டு உட்கார்ந்து, பொத்தலைச் சுற்றி மடித்து, இரட்டைத் தையலாக ஓரம் அடித்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அந்த ஏரியில் அன்று இருந்த பட்டங்களில் அதைவிட ஒழுங்கான தையல் எதிலும் இல்லை, அதுவும் ஒரு பொத்தலுக்கு!

நத்தை ஏறியது. பனைமர உயரம் தாண்டியபோது பாப்பாத்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு தடவை லேசாகச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து, நடுவில் நீலமாக ஒரு வட்டத்தோடு, ஆணி அடித்ததுபோல் நின்றது. நின்றேவிட்டது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ஆர்த்திக்குத் தெரியவில்லை, இரண்டும்தான்.

"ஏங்க, கொஞ்சம் பிடிங்களேன், மூக்கைத் துடைச்சுக்கிறேன்" என்று நூலைச் சாமிதுரையிடம் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. காற்று ஒரு சுண்டு சுண்டியதும் "யப்பா!" என்றார் மனிதர். அப்புறம் நூலைத் திருப்பித் தரவே இல்லை. கேட்டால், "இரு, இப்பத்தான் பிடிபடுது" என்றார். பாப்பாத்தி எதிர்க்கரை வரை போய் டீ குடித்துவிட்டு வந்தாள். அப்போதும் தரவில்லை. கடைசியில் லாரிக் கயிற்று முடிச்சுப் போட்டு நூலைக் குட்டியானையின் கொக்கியில் கட்டிவிட்டு, கையை உதறிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார்.

போன வேகத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"பாப்பாத்தி! ஒண்ணுமே தெரியலடி. அடுத்த வருஷம் இந்தக் கூடாரத்துக்கும் மேல ஒரு பொத்தல் வையி. படுத்துக்கிட்டே பட்டத்தைப் பார்க்கலாம்."

"அடுத்த வருஷம் எதுக்கு?" என்று அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒரு தட்டு அகலத்துக்கு வெட்டிவிட்டு அவர் பக்கத்தில் மல்லாந்து படுத்து, கடையில் பார்ப்பதுபோலவே மேலே கண்ணை ஓட்டினாள். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. பொத்தலுக்கு நேரே நத்தை நின்றுகொண்டிருந்தது.

"ஓரம் அடிக்கலியா?" என்றார் சாமிதுரை.

"அப்புறம் அடிச்சுக்கலாம், சும்மா படுங்க" என்றாள் பாப்பாத்தி.